தோற்பதற்கு ஒரு மாதப் பயிற்சி

தோற்றே தீருவது என்று நான் முடிவெடுத்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த முடிவுக்காக நான் இன்றுவரை வெட்கப்படவில்லை. இனியும் படுவதாக இல்லை.

அன்று காலை என் மனைவிக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் இருபத்தாறு ஆண்டுகளாக வேதியியல் கற்பிப்பவள். எட்டு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவிலுள்ள ஒரு விடுதிப் பள்ளி, அவளைத் தலைமையாசிரியையாக அழைத்திருந்தது. ஓராண்டு அங்கேயே தங்க வேண்டும். கடிதத்தை இருமுறை படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு, சோதனைக் குழாயில் எது பொங்கும், எது படியும் என்று கவனிப்பவளைப் போல என்னைப் பார்த்தாள்.

"எனக்குப் போகணும். இருபத்தாறு வருஷமா அடுத்தவங்க அறை வாசல்ல கையெழுத்துக்கு நின்னாச்சு. ஒரு வருஷமாவது என் பேர் போட்ட அறையில உக்காரணும்."

"தாராளமாப் போ. என் சாப்பாடு?"

"அதைத்தான் கேக்கறேன். தனியா இருப்பீங்களா?"

"முதல் வாரம் உயிரோட இருப்பேன். அதுக்கப்புறம் நான் பொறுப்பில்லை."

அவள் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்தாள். சோறு வடித்தல், துணி துவைத்தல், இஸ்திரி போடுதல், பொத்தான் தைத்தல், குழாய்க்கு வாஷர் மாற்றுதல் உட்பட எட்டு வேலைகளை எழுதி, எனக்கு எதிரே சுவரில் ஒட்டினாள்.

"வளர்ந்த மனுஷன் எவனுக்கும் தெரிஞ்சிருக்க வேண்டியது இந்த எட்டு. ஒரு மாசம் தரேன். அஞ்சு தேறினா நான் நிம்மதியாப் போறேன். தேறலேன்னா, வரலைன்னு எழுதிப் போட்டுடறேன். உங்களைப் பட்டினி போட்டுட்டுப் போன பேர் எனக்கு வேண்டாம்."

வாசகர்களே, நீதியாகச் சொல்லுங்கள். வென்றால் மனைவி போய்விடுவாள். தோற்றால் மனைவியும் மிஞ்சுவாள். மூன்று வேளை உணவும் மிஞ்சும். அலுவலகத்தில் அறுபத்திரண்டு பேரை மேற்பார்வை பார்ப்பவன், இந்தச் சிறிய கணக்கில் சறுக்குவேனா?

மறுநாளே முதல் தேர்வு. சோறு. தோற்பதற்கு என்ன பெரிய திறமை வேண்டும் என்று எண்ணினேன். அரிசியை அள்ளிப் போட்டேன். அளக்கவில்லை. தண்ணீரை ஊற்றினேன். பார்க்கவில்லை. அடுப்பை மூட்டிவிட்டுச் செய்தித்தாள் படித்தேன். விளையாட்டுப் பக்கம் முடிந்ததும் எழுந்து போய் வடித்தேன். மூடியைத் திறந்தால், எண்ணிக்கை கேட்டால் சொல்லும் அளவுக்குத் தனித்தனியாகப் பருக்கைகள். ஒன்றுகூட உடையவில்லை.

"பரவாயில்லையே," என்று சொல்லி, ஒரு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். எனக்கு வியர்த்துவிட்டது.

அறியாமையை நம்பி இறங்கினால் இப்படித்தான் ஆபத்தில் முடியும். தவறாமல் தவறு செய்ய வேண்டுமானால், சரி எது என்பது ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே நான் ஓர் ஆசிரியரைத் தேடினேன்.

எதிர் வீட்டில் மாஸ்டர் குடியிருந்தார். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையற்காரர். திருமணம் செய்துகொள்ளாதவர், ஆதலால் எட்டும் அறிந்தவர். மாலை நடைப்பயிற்சிக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஏழே அடி எடுத்து வைத்து அவர் வீட்டுக்குள் நுழைந்துவிடுவேன்.

"மாஸ்டர், சோறு குழையணும்னா என்ன செய்யணும்?"

"குழையாம இருக்க என்ன வழின்னுதான் சார் எல்லாரும் கேப்பாங்க."

"அதையும் சொல்லுங்க. தெரியாத்தனமா அந்தப் பக்கம் போயிடக் கூடாது பாருங்க."

"யாரை சார் ஏமாத்தப் போறீங்க?"

"ஏமாத்தறதில்லை. தற்காப்பு."

அவர் வாணலியைப் பார்த்து, "நல்லவேளை நான் கட்டிக்கலை," என்றார்.

மாஸ்டர் கண்டிப்பானவர். "சரியாப் பண்ணத் தெரியாத ஆளுக்குத் தப்புப் பண்ணச் சொல்லித் தர மாட்டேன். அது தொழிலுக்கே அவமானம்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஒவ்வொரு வேலையையும் மூன்று முறை பிழையின்றிச் செய்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகே கெடுக்கும் முறையைத் திறந்து காட்டுவார். சட்டைக் காலரை எந்தப் பக்கத்திலிருந்து தேய்ப்பது, நூலை எத்தனை சுற்றில் முடிச்சிடுவது, தண்ணீரை எங்கே மூடிவிட்டுக் குழாயைத் திருகுவது என்று அனைத்தையும் கற்றேன். என் கல்லூரிப் படிப்பில்கூட இவ்வளவு உழைத்ததில்லை.

பலன் கிட்டியது. என் சோற்றைக் கொண்டு ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டலாம். மனைவியின் வெள்ளை ஆய்வுக்கூடக் கோட்டு, ஒரு சிவப்புத் துண்டின் துணையோடு இளஞ்சிவப்பாயிற்று.

"கோட்டு ஏங்க சிவந்துபோச்சு?"

"வெட்கமா இருக்கும்."

"யாருக்கு?"

மறுநாள் அதே கோட்டின் பொத்தான்களை உட்புறமாகத் தைத்துக் கொடுத்தேன். அவளுடைய தலையணை உறையில் இஸ்திரிப் பெட்டியின் முழு உருவத்தையும் பதித்தேன். குழாயை வாஷரே போடாமல் திருகி மூடினேன். அவள் கை கழுவத் திறந்தபோது தண்ணீர் பக்கவாட்டில் பீச்சி அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். திட்டவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாதம் முடிந்தது. நெஞ்சை நிமிர்த்தி அவள் முன் நின்றேன். தோல்வியை இத்தனை கம்பீரமாக எவரும் அறிவித்திருக்க மாட்டார்கள்.

"எட்டும் போச்சு. எனக்கு வராது. பிறவிக் குறை. இந்தா பேனா. வரலைன்னு எழுதிடு. நானே கொண்டுபோய்த் தபால்ல போடறேன்."

அவள் பேனாவை வாங்கி ஓரமாக வைத்தாள். நோட்டைத் திறந்தாள்.

"இருபத்திரண்டு தடவை செஞ்சிருக்கீங்க. முதல் நாள் சோறு மட்டும் நல்லா வந்தது. அது நிஜமாவே தெரியாமப் பண்ணது. அதுக்குச் சுழி."

"மத்தது?"

"மத்த இருபத்தொண்ணுக்கும் முழு மார்க்."

"தப்பாப் பண்ணதுக்கா?"

"உக்காருங்க. என் கோட்டும் உங்க வெள்ளைச் சட்டையும் ஒரே நாள்ல துவைச்சீங்க. கோட்டு சிவந்தது, சட்டை பளிச்சுனு இருக்கு. சாயத்துக்கு ஆள் அடையாளம் தெரியுமா?"

நான் சட்டையைக் குனிந்து பார்த்தேன். அன்று அதைத்தான் அணிந்திருந்தேன்.

"சுட்டது என் தலையணை உறை. உங்க பேன்ட் மடிப்பு கத்தி மாதிரி நிக்குது. என் பொத்தான் உள்பக்கம், உங்க கைப்பொத்தான் எடுப்பா வெளிப்பக்கம். சோறு குழைஞ்ச அன்னிக்கெல்லாம் உங்களுக்குப் பசிக்கலை. கையாலாகாதவன் தப்புப் பண்ணா அவன் பொருளும் சேர்ந்துதாங்க கெடும். இருபத்தொரு தப்புல உங்களுது ஒண்ணுகூடக் கெடலை. இவ்வளவு கைநேர்த்தி எனக்கே கிடையாது."

"இது அநியாயம். நான் தோத்துட்டேன். தோத்தவனுக்கு உள்ள உரிமையைப் பறிக்காதே."

"வரேன்னு நேத்தே எழுதிப் போட்டுட்டேன்."

எனினும் நான் பணிந்துவிடவில்லை. சனிக்கிழமை காலை பேருந்து நிலையத்தில், சன்னலருகே அமர்ந்திருந்தவளிடம் பத்துப் பேர் கேட்க அறிவித்தேன்.

"ஒரு வருஷமும் அந்த அடுப்பைத் தொட மாட்டேன். துடைப்பத்தைத் தொட மாட்டேன். வீடு பாழாப் போகட்டும். திரும்பி வந்து பார்."

"சரிங்க. சன்னல் கண்ணாடியிலேருந்து கையை எடுங்க, வண்டி கிளம்புது," என்றாள்.

என் திட்டம் எளியது. மூன்று வேளையும் மாஸ்டர் வீட்டில் உண்பது. சூளுரையும் நிற்கும், வயிறும் நிறையும். தோற்றுப்போன நாளிலிருந்து வெட்கத்தால் அந்தப் பக்கம் போகவில்லை. அன்று நேராகப் போனேன். கதவில் பூட்டு தொங்கியது. இரவும் தொங்கியது. இரண்டு பன்களோடு படுத்தேன். ஞாயிறு காலையும் பூட்டு அசையவில்லை.

மனிதனுக்குக் கொள்கை முக்கியம். ஆனால் கொள்கையைத் தூக்கிப் பிடிக்கக் கையில் தெம்பு வேண்டும். அந்த ஒரே காரணத்துக்காக, நண்பகலில் குக்கரில் அரிசியை வைத்தேன். அளந்தே வைத்தேன். அப்போது தொலைபேசி ஒலித்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"நேத்துலேருந்து பட்டினி. சொன்னா சொன்னதுதான். அடுப்பு ஜில்லுனு கிடக்கு. வீடு பூரா குப்பை. நீ நிம்மதியா தலைமை தாங்கு."

குக்கர் விசிலடித்தது.

"அது என்னங்க சத்தம்?"

"எதிர் வீட்டுக் குக்கர். மாஸ்டர் சமைக்கிறார். ஞாயித்துக்கிழமை இல்லையா."

"மாஸ்டரா? அவரை வெள்ளிக்கிழமையே நான் சொல்லி இங்க விடுதிச் சமையலுக்கு எடுத்தாச்சே. என் பக்கத்துலதான் நிக்கிறார்."

இரண்டாவது விசில் அடித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவதும் அடித்தது. மறுமுனையில் தொலைபேசி கைமாறும் ஓசை கேட்டது.

"சார், மூணு ஆயிடுச்சு. அணைங்க," என்றது மாஸ்டரின் குரல்.

அணைத்தேன்.