வில்கமுவ பஸ்ஸில் ஏறாத மாமா

மாத்தளை பஸ் ஸ்டாண்டில் வில்கமுவ மாமாவின் பேச்சைக் கேட்டுப் பஸ்ஸைத் தவறவிட்டவர்களை வரிசையாக நிறுத்தினால், வரிசை ஊருக்கு வெளியே இருக்கிற அலுவிகாரையைத் தாண்டிப் போகும். அதில் ஒரு கண்டக்டரும் நிற்பார். அவருடைய பஸ் அவரில்லாமலே போய்விட்டது.

மாமாவுக்கும் வில்கமுவவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வாழ்க்கையில் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை. காலையில் மிளகு கடையில் தராசு பிடிப்பார். பகல் சாப்பாடு முடிந்ததும் ஒரு வெறும் பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, வில்கமுவ பஸ் நிற்கிற இடத்து பெஞ்சில் வந்து உட்காருவார். எதிரேதான் என் வடை வண்டி.

"ஏன் மாமா இந்த பெஞ்சு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்டி பஸ்ஸுக்கு நிக்கிறவனுக்கு யோசிக்க நேரம் ஏது? ரெண்டு நிமிசத்துல பஸ் வந்துரும். வில்கமுவ பஸ்ஸுக்கு நிக்கிறவன்தான் நின்னு நிதானமா கடவுளப் பத்தி பேசுவான்."

யார் வந்து உட்கார்ந்தாலும் பெயர் கேட்க மாட்டார், ஊர் கேட்க மாட்டார். நேரே கேள்விதான். ஒரு தடவை காதில் வயரோடு ஒரு பையன் வந்தான்.

"தம்பி, சாமி இருக்குன்னு நம்புறீங்களா?"

"எனக்கு எதுலயும் நம்பிக்கை இல்ல அங்கிள்."

"அப்ப பஸ் வரும்னு எப்படி நிக்கிறீங்க?"

"அதான் டைம் டேபிள் போட்டிருக்கே."

பக்கத்தில் நின்ற டைம் கீப்பரே சிரித்துவிட்டார். "அத எழுதினவனே நான்தான் தம்பி. நீங்க பேசாம கோயிலுக்கே போங்க."

பெஞ்சில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்கும்போது மாமா இரண்டு கையையும் தராசுத் தட்டு மாதிரி விரித்துப் பிடிப்பார். ஒருத்தர் சொன்னது இந்தக் கையில், மற்றவர் சொன்னது அந்தக் கையில். பாரமான பக்கம் கை இறங்கும். கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஜட்ஜம்மா, தீர்ப்பு?" என்பார். எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவள் நான். 'நீ என்ன நினைக்கிறாய்' என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். மற்ற எல்லாரும் வடை சூடா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

அவர் எந்த மதம் என்று யாருக்கும் தெரியாது. கோயிலுக்குப் போய்வரும் அக்காமார் பள்ளிவாசல் ஸ்பீக்கரைக் குறை சொன்னால், முஸ்லிம் மாதிரிப் பேசுவார். பல்லேபொல பக்கத்துக் கராம்பு யாவாரி முஸ்லிம் நானாமார் தேர் வந்து ரோட்டை அடைத்துவிட்டது என்று புலம்பினால், தேரை இவரே இழுத்த மாதிரி வாதாடுவார்.

"நீங்க எந்தப் பக்கம்தான் மாமா?"

"இந்த பெஞ்சுல யாரு இல்லையோ, அவங்க பக்கம். இல்லாதவங்களுக்குப் பேச ஒரு ஆள் வேணும்ல?"

போன மாதம் பெஞ்சுக்குப் பின்னால் இருக்கிற சுவரில் ஒரு மரண அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். மாமா அதைப் பார்த்ததும் தொடங்கிவிட்டார்.

"காலமானார்னு போட்டிருக்கு. மனுசன் எப்படிக் காலமாவான்? மணிக்கூடா அவன்?"

அன்றைக்குப் பெஞ்சில் மூன்று பேர். கையில் அர்ச்சனைத் தட்டோடு ஓர் அக்கா, ஒரு கராம்பு யாவாரி நானா, வாரம் ஒருமுறை பூசணி வட்டக்காய் விற்க வந்து, மிஞ்சிய மூட்டையோடு ஊர் திரும்பும் வில்கமுவ விவசாயி ஐயா. ஐயாவுக்குத் தமிழ் விளங்கும், பேசுவது சிங்களம்.

"அப்ப தவறிட்டாருன்னு சொல்லுங்களேன்" என்றார் அக்கா.

"என்ன தவறு செஞ்சாரு?"

"மோசம் போயிட்டாருன்னும் சொல்லுவாங்க."

"யாரு மோசம் பண்ணினா?"

நானா சிரித்தார். "நாங்க மௌத்தாப் போனாங்கண்டு செல்லுவோம். ஒரு கரைச்சலும் இல்ல."

"அது அரபு நானா. அழுறது தமிழ்ல, சொல்றது அரபுலயா?"

"அழுறதுக்குப் பாஷை என்னத்துக்கு?"

நானா சொன்னதைத் தாங்கிய மாமாவின் வலது கை மெதுவாக முழங்கால் வரைக்கும் இறங்கியது.

அப்போது ஐயா சொன்னார், "அப்பி கியன்னே நெத்தி உனா கியலா." இல்லாமல் போய்விட்டார் என்றுதான் நாங்கள் சொல்வோம் என்கிறார். அக்காவுக்குச் சிங்களம் அவ்வளவு ஓடாது. "நெத்தியா?" என்று பதறி, தன் நெற்றியைத் தடவிப் பார்த்தார். "ஏன், குங்குமம் அழிஞ்சிருச்சா?"

மாமா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. நானா முதுகில் தட்டினார். ஐயா தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். இருமி முடிந்ததும் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்தபடி என்னைப் பார்த்தார்.

"ஜட்ஜம்மா, நாளைக்கு நான் போனா என்னன்னு சொல்லுவீங்க? தீர்ப்பு?"

எனக்கு எரிச்சல். சட்டியில் வடை கருகுகிறது, நாலு பேர் காத்து நிற்கிறார்கள். "போங்க மாமா, உங்களுக்கு வேற வேலை இல்ல. சும்மா சாவுக் கதை!"

"சரி, யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க" என்று பேக்கை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. காலையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். அதற்கு அடுத்த நாள் அதே சுவரில் அவருடைய படம். அவர் பெயரையே அன்றைக்குத்தான் படித்தேன். இங்கே எழுதவில்லை, அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது. பெயருக்குக் கீழே கறுப்பு எழுத்தில் 'காலமானார்'. மாமா பார்த்திருந்தால் அந்தப் போஸ்டர்காரனைச் சும்மா விட்டிருப்பாரா?

எரிச்சலில் 'போங்க' என்றேனே, அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது. இப்போதும் மாவைக் கையில் எடுத்தால் அது காதில் கேட்கிறது.

அடுத்த வாரம் வட்டக்காய் ஐயா வந்தார். மூட்டையை இறக்கிவைத்தார், உட்கார்ந்தார், பெஞ்சில் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார். பிறகு என்னைப் பார்த்து, "கோ மாமா?" என்றார். மாமா எங்கே என்று கேட்கிறார். பின்னால் சுவரில் படம் இருக்கிறது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தவறிட்டாரு என்று சொல்லலாம். என்ன தவறு செஞ்சாரு? மோசம் போயிட்டாரு? நெத்தி உனா? ஒவ்வொரு சொல்லுக்கும் மாமா கேட்ட கேள்வியோ சிரித்த சிரிப்போ முன்னால் வந்து நின்றது. ஐயா காத்துக்கொண்டிருந்தார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"வில்கமுவ பஸ்ல ஏறிட்டாரு ஐயா."

ஐயா முதலில் சிரித்தார். "மாமாத? நெக்காத?" மாமாவா, ஏறினாரா என்கிறார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. பெஞ்சிலிருந்து எழுந்து, வட்டக்காய் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். பஸ் வரும்வரைக்கும் அந்தப் பெஞ்சில் அவர் யாரையும் உட்கார விடவில்லை.

பஸ் வழக்கம்போல் பிந்தித்தான் வந்தது. ஐயா ஏறினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்சீட்டு வரைக்கும் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

தீர்ப்பு சரியா பிழையா தெரியாது மாமா. இல்லாதவங்களுக்குப் பேச ஒரு ஆள் வேணும்னு சொன்னீங்களே, பேசிட்டேன்.