மழைக்கு முன் தார்ப்பாய்

"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று எதையாவது நீட்டினால், அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்துச் சொல்கிற ஒரு மனித இனம் உண்டு. நான் அவர்களை யோசனைக்காரர்கள் என்பேன். பரமக்குடி பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன் நான். இவர்களை அடையாளம் காண எனக்கு இவர்கள் உட்காருகிற விதமே போதும். கையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள்.

2006-இல், கமுதிப் பக்கத்துச் சண்முகவள்ளி, கல்லூரிக் கடைசி வருடப் பரீட்சைக்காக என் கடையில் ஒரு விளையாட்டைச் செய்தாள். களத்தில் மிளகாய் வற்றல் காய்கிறது. மழை இறங்குவதற்குள் பட்டன்களைத் தட்டித் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும். அவ்வளவுதான். மறுநாள் அதைக் கல்லூரியில் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் மதுரையில் வேலை, இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம். செய்தவள் விரல் தெரிந்த வழியிலேயே போகும். புதுக் கை பட்டால்தானே கோளாறு தெரியும்? வற்றல் மூட்டையோடு சந்தைக்கு வந்திருந்த பெரியப்பா வீரபத்திரனைக் கூட்டிவந்தாள்.

நாற்பது வருடம் மிளகாய் போட்டவர். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"வத்தல் இன்னும் செவக்கணும் தாயி. அங்கன ஒரு வேப்பமரம் வையி."

"வைக்கிறேன் பெரியப்பா. மழை வருது, இந்தப் பட்டன அமுக்குங்க."

"வேலையாள் எங்க?"

"நீங்கதான் இழுக்கணும்."

"நானா?"

சொந்தக் களத்திலேயே தார்ப்பாயைத் தொட்டறியாத மனிதர், திரையில் மட்டும் தொட்டுவிடுவாரா? "ஏலே ராக்கப்பா" என்று தன் பண்ணையாளைப் பழக்கத்தில் கூப்பிட்டே விட்டார். ராக்கப்பன் கமுதியில் இருந்தான். வற்றல் முழுக்க நனைந்தது. அதன்பிறகு அரை மணி நேரம், மோட்டார் ரூம் வேண்டும், களத்துக்கு வேலி வேண்டும், மழை ஐப்பசியில்தான் வர வேண்டும் என்று பதினான்கு யோசனை சொல்லி, ஒரு பட்டனைக்கூடத் தொடாமல், "ஒரு கொறையும் இல்ல தாயி" என்று சான்றும் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

மறுநாள் கல்லூரியில் பரீட்சை நடத்த வந்தவர் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கினார். திரை அப்படியே நின்றுவிட்டது. வள்ளி தேறவில்லை.

சாயங்காலம் கடைக்கு வந்து அந்தக் கோளாறைச் சரிசெய்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பெரியப்பாவுக்குப் போன் செய்தேன்.

"நான் அன்னைக்கே நெனச்சேன்" என்றார். "வேப்பமரம் வைக்கலைல்ல?"

நீங்கள் சிரிக்கலாம். என்னால் முடியவில்லை. அன்று அவருக்குப் பின்னால் நின்று, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடலாம் என்று சொன்னவன் நான். நானும் தட்டிப் பார்க்கவில்லை.

சரி, அந்தப் பெண் பரீட்சைக்காரரிடம் இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே என்று இந்நேரம் உங்களுக்கு ஒரு யோசனை வந்திருக்குமே. வந்ததா? வாருங்கள், நகர்ந்து உட்காருகிறேன்.