டொக்டர் வெளியில்

அன்னபாக்கியத்தின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே டொக்டர் சவுந்தரநாயகம் நித்திரையாகிப் போனார்.

"மூச்சை இழுத்து விடுங்கோ" என்று சொன்னதுதான் அவருக்குக் கடைசி நினைவு. அன்னபாக்கியம் இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். நிறுத்தச் சொல்ல ஆளில்லை. தலை சுற்றத் தொடங்கிய பிறகுதான் மெல்லத் திரும்பினார்.

"தம்பி, இன்னும் இழுக்கவோ?"

டொக்டர் திடுக்கிட்டு விழித்தார். "காணும், காணும். உள்ளுக்க எல்லாம் நல்லாயிருக்கு" என்று உளறி, இருமல் மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். நோயாளியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் தன்னுடைய பெயரை எழுதியிருந்தார்.

காலையில் அரசாங்க ஆஸ்பத்திரி, மத்தியானத்துக்குப் பிறகு வெள்ளவத்தையில் சொந்த டிஸ்பென்சரி. அவருடன் படித்த டொக்டர்மாரில் பாதிப்பேர் சண்டைக்குப் பயந்து நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். போனவர்களின் நோயாளிகளெல்லாம் போகாதவரின் தலையில் விழுந்தார்கள். போதாததற்கு, விசாவுக்காக லொட்ஜுகளில் காத்துக் கிடந்த யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு வேறு வேலை இல்லாததால், நோய் வருத்தம் பார்க்க நிறைய நேரம் இருந்தது.

ஒரு காலத்தில் யாராவது "டொக்டர்" என்று கூப்பிட்டால் அவருக்குப் பெருமையாக இருக்கும். இப்போது எரிச்சல் வந்தது. எரிச்சலை விடப் பயம் பெரிதாக இருந்தது. பெயரை மாற்றி எழுதிய கை ஒருநாள் மருந்தையும் மாற்றி எழுதும், அன்றைக்கு ஒரு உயிர் போகும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் கேட்டதெல்லாம் ஒரேயொரு முழு நாள் நித்திரை.

அன்னபாக்கியம் அதற்கும் வேட்டு வைத்தார். லொட்ஜ் லொட்ஜாகப் போய்ச் சொல்லிவிட்டார். "மற்ற டொக்டர்மார் ரெண்டு தரம் தொட்டுப்போட்டு எழும்பு எண்டுவினம். இவர் கண்ணை மூடி, தியானத்தில இருக்கிற மாதிரி எல்லோ என்ர நெஞ்சைக் கேட்டவர்."

அடுத்த நாள் கூட்டம் இரண்டு மடங்கானது. எல்லோரும் தங்களையும் கண்ணை மூடித்தான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

அத்தனை நெரிசலிலும் நாலு பேர் இருக்கக்கூடிய ஒரு நீள மர வாங்கு மட்டும் கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. அதன் மூலையில், நெற்றி மறையத் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"சேர், அந்த ஆள் இண்டைக்கும் வந்திருக்கு" என்றார் மருந்து கலக்கும் தியாகராசா, குரலைத் தாழ்த்தி. "ஒரு மாதமா வருது. நம்பர் எடுக்குது. கூப்பிட்டால், மற்ற ஆக்களை முதல் பாருங்கோ எண்டுது."

"என்ன வருத்தமாம்?"

"வருத்தம் ஒண்டும் சொல்லேல்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஆக்கள் உள்ளுக்கு வர வரத் தலையை ஆட்டுது."

டொக்டர் சட்டென்று திரைக்குப் பின்னால் ஒதுங்கினார். சுற்றிவளைப்பு நாட்களில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, முகம் மூடிய ஒருவனின் முன்னால் நடக்க விடுவார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ, அவரை ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போவார்கள். தலையாட்டி என்று பேர். அப்படியொருவன் தன் டிஸ்பென்சரியில் வந்து உட்கார்ந்தால் எழும்பிப் போ என்று யார் சொல்வது? அந்த வாங்கில் உட்காரத்தான் யாருக்குத் துணிவு வரும்? வாய் லேசாகத் திறந்தபடி இருந்த அந்த ஆளைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தபோது, பயத்தோடு கொஞ்சம் பொறாமையும் வந்தது டொக்டருக்கு.

"இப்பிடியே போனால் நீங்கள்தான் ஆஸ்பத்திரியில படுப்பியள்" என்றாள் மனைவி அருந்ததி. "டொக்டர் இல்லையெண்டு ஒரு போர்ட்டைத் தொங்க விட்டிட்டுப் படுங்கோவன்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. தியாகராசா ஒரு மட்டையில் 'டொக்டர் வெளியில்' என்று அழகாக எழுதி வாசலில் தொங்கவிட்டார். டொக்டர் பின் அறையில் போய்ப் படுத்தார். அங்கேதான் பிழை நேர்ந்தது. கடைக்குப் போனவரை வெள்ளவத்தையில் யாரும் வெளியில் என்று சொல்வதில்லை, கடைக்குப் போனவர் என்றுதான் சொல்வார்கள். மகன் வெளியில், மருமகன் வெளியில் என்றால் கனடா, லண்டன், ஜெர்மனி என்று அர்த்தம்.

சற்று நேரத்தில் வாசலில் கல்யாண வீடு மாதிரிச் சத்தம் கேட்டது.

"டொக்டர் போயிட்டாரோ, இனித்தான் போறாரோ?"

தியாகராசா ஆஞ்சநேய பக்தர், பொய் சொல்லமாட்டார். "உள்ளுக்குத்தான் படுத்திருக்கிறார்" என்றார்.

"அப்ப இன்னும் பிளேன் ஏறேல்லை. வாங்கோ, போக முந்திப் பிடிப்பம்."

அறைக்குள் முதலில் வந்தது மிளகாய்த்தூள் வாசம். பிறகு, நைலோன் கயிற்றால் வரிந்து கட்டிய பார்சலோடு அன்னபாக்கியம் வந்தார்.

"தம்பி, டொரொண்டோவில என்ர மூத்தவன் இருக்கிறான். இதைக் குடுத்துவிடுங்கோ. வறுத்து இடிச்ச தூள்."

"நான் கனடாவுக்குப் போகேல்லை அம்மா."

"சரி, லண்டனெண்டால் மகளிட்டக் குடுங்கோ."

"நான் எங்கயும் போகேல்லை."

"ஓமோம்" என்று அன்னபாக்கியம் கண்ணைச் சிமிட்டினார். "வெளியில சொல்லக்கூடாதெண்டு ஏஜென்சிக்காரன் சொல்லியிருப்பான். என்ர மகனும் ஏறுற அண்டுவரைக்கும் இப்பிடித்தான் சொன்னவன். நான் ஒருத்தருக்கும் மூச்சுவிட மாட்டன். போக முந்தி என்ர பிரஷரை ஒருக்காப் பாத்து, ஆறு மாதத்துக்கு மருந்து எழுதிவிடுங்கோ."

அவருக்குப் பின்னால் நின்ற எல்லோரிடமும் ஒரு பார்சல் இருந்தது, பார்க்க வேண்டிய ஒரு பிரஷரும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் லீவு கேட்டுப் பார்த்தார். பெரிய டொக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெளியில போறீராம், எனக்குச் சொல்லவேயில்லை. லீவு வேணுமெண்டால் மெடிக்கல் சேர்ட்டிபிக்கெட் கொண்டு வாரும்."

தனக்குத் தானே மெடிக்கல் எழுத முடியாது. தெரிந்த டொக்டர் யாரிடமாவது போனால், சவுந்தரநாயகத்துக்கு மண்டை பிசகிவிட்டது என்று அன்றைக்கே ஊரெல்லாம் கதை பரவிவிடும். நகரத்தின் மறுகோடியில், யாருக்கும் தன்னைத் தெரியாத கொட்டாஞ்சேனைக்குப் போய், முகம் தெரியாத ஒரு டொக்டரிடம் வாங்குவது என்று முடிவு செய்தார். மறுநாள் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் டிஸ்பென்சரிப் பக்கம் தலைகாட்டாமல் நேரே பஸ் ஏறினார்.

பாதி வழியில் சோதனைச்சாவடி வந்தது. எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் புரட்டிய சிப்பாய், தொழில் என்ற இடத்தில் கண்ணை நிறுத்தினான். டொக்டருக்கு வியர்த்தது. சிப்பாய் அவரை மணல்மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"டொக்டர் மஹத்தயா, மகே கொந்த ரிதெனவா."

முதுகு நோகிறதாம். முதுகைப் பார்த்து முடிப்பதற்குள் இன்னொருவன் சப்பாத்தைக் கழற்றி, புண்ணான காலை நீட்டினான். அவனுக்குப் பின்னால் வரிசை நீண்டது. ஐயோ பாவம், தமிழாள் ஒன்றைப் பிடித்துவிட்டார்கள் என்று பஸ்ஸிலிருந்தவர்கள் பரிதாபமாக எட்டிப் பார்த்தார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் அவர் ஒரு கோப்ரலிடம் நாக்கை நீட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது.

அடுத்த பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனையில் இறங்கியதும் முதல் வேலையாக நடைபாதைக் கடையில் ஒரு தொப்பி வாங்கி, நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டார். இனி ஒருத்தனும் டொக்டர் என்று கூப்பிடக்கூடாது. கோயில் சந்தியில் ஒரு சின்ன டிஸ்பென்சரி தெரிந்தது. மேசைக்குப் பின்னால் டோரின் என்ற நடுத்தர வயதுப் பெண் இருந்து நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பேரு?"

"பொன்னம்பலம்."

"என்ன வேலை செய்றீங்க?"

"சும்மா, யாவாரம்."

"டொக்டர் வர லேட்டாகும். பரவாயில்லையா?"

இவ்வளவு இனிமையான வார்த்தையை அவர் பல வருடமாகக் கேட்டதில்லை. "எவ்வளவு லேட்டானாலும் பரவாயில்லை" என்றார், மனப்பூர்வமாக.

நெரிசலான வாங்கின் மூலையில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார். காற்றாடி சுழன்றது. ஒரு பிள்ளை அழுதது, அதன் வருத்தத்துக்கு அவர் பொறுப்பில்லை. யாரோ இருமினார்கள், நெஞ்சுச் சளியா தொண்டைச் சளியா என்று அவர் யோசிக்க வேண்டியதில்லை. தலை மெல்லச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. பக்கத்திலிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி எதிர்ப்பக்கம் போய் நெருக்கி நிற்பது அரைக் கண்ணில் தெரிந்தது. கொட்டாஞ்சேனைச் சனம் எவ்வளவு நல்ல சனம் என்று நினைத்துக்கொண்டே காலை நீட்டினார். அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றும் தெரியாது.

யாரோ தோளைத் தட்டினார்கள்.

"எழும்புங்க டொக்டர்."

டோரின் நின்றாள். எதிர்ப்பக்கத்தில் கூட்டம் இன்னும் பெருத்திருந்தது.

"நான் டொக்டர் இல்லை. பொன்னம்பலம். யாவாரம்."

"சரி டொக்டர். உள்ள வாங்க, பேஷண்ட்ஸ் காத்துக்கிட்டு இருக்காங்க."

"உங்கட டொக்டர் எங்க?"

"இப்பதான் போன் எடுத்தாரு. அவரும் பாவம், வேலை செஞ்சு செஞ்சு விழுந்திடற மாதிரி இருக்காரு. ஒரு மாசமா மத்தியானத்தில தொப்பியைப் போட்டுக்கிட்டு வெள்ளவத்தையில ஒரு டிஸ்பென்சரிக்குப் போய், நம்பர் எடுத்திட்டு அங்க வாங்கில தூங்கிட்டுத்தான் வருவாரு. இன்னைக்கு அங்க ஒரு அம்மா, மிளகாய்த்தூள் பார்சலோட தலை சுத்தி விழுந்திட்டாங்களாம். இவரு பழக்கதோஷத்தில ஓடிப்போய் நாடி பிடிச்சிட்டாரு. அந்த டொக்டர் வெளியில போயிட்டாராம், அதனால சனம் இவரைப் பிடிச்சு அவர் கதிரையில உட்கார வச்சிருச்சாம். வர ஏலாதாம்."

சவுந்தரநாயகம் தொப்பியைக் கழற்றினார்.

"அது சரி, நான் டொக்டர் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"அவர்தான் சொன்னாரு" என்றாள் டோரின். "வாங்கில தொப்பியோட யாராச்சும் நம்பர் எடுத்திட்டுத் தூங்கினா, அது கட்டாயம் ஒரு டொக்டராத்தான் இருக்கும், எழுப்பி உள்ள அனுப்புன்னு."