நொயெமியை வேறு மலைக்கு மாற்றுங்கள்

மிகுந்த மரியாதைக்குரிய அக்கா டொமித்திலாவுக்கு, மலைமேலிருந்து தம்பி வெனான்சியோ எழுதுவது. கன்னி மரியாள் புண்ணியத்தில் நானும் மகள் ஹசிந்தாவும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு நிம்மதி போய் மூன்று மாதமாகிறது. நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள் இருக்கும் வீடுகளுக்கு உதவவென்று மத்தகல்பா நகரத்தில் உன் தெருவில் ஓர் அலுவலகம் இருக்கிறதே, அங்கிருந்து நொயெமி என்று ஒரு பெண் புதன்தோறும் மோட்டார் சைக்கிளில் வருகிறாள். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. முதல் நாளே என்னை விட்டுவிட்டு ஹசிந்தாவிடம் போய், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து கால் வராதவள், பேச்சும் மெதுவாகத்தான் வரும், இருபத்திரண்டு வருடமாகத் தூக்கிச் சுமந்து ஊட்டிவிடுகிற என்னிடமல்லவா கேட்டிருக்க வேண்டும். இவளும் நிதானமாக யோசித்துவிட்டு, "தெருவப் பாக்கணும். அப்பா இல்லாம" என்றாள்.

சக்கர நாற்காலி வந்தது. வாசற்படியை இடித்துச் சரிவு போடச் சொன்னாள் நொயெமி, போட்டேன். அதில் முதலில் ஏறி வந்தது பக்கத்து வீட்டுப் பன்றி. அரைத்து வைத்த சோள மாவை முழுதும் தின்றுவிட்டு என் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது. அதை விரட்டி முடிப்பதற்குள் ஹசிந்தா தானே சக்கரத்தை உருட்டி இறங்கிவிட்டாள். நாற்காலி நிற்காமல் போய் அவளைச் சேற்றில் கவிழ்த்தது. எனக்கு உயிரே போய்விட்டது அக்கா. ஓடினேன். அன்று வந்திருந்த அந்த நொயெமி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பொறுங்கண்ணே. அவ உங்கள கூப்பிட்டாளா?"

கூப்பிடவில்லை. முகமெல்லாம் சேறு, சிரிக்கிறாள். "அப்பா, நான் விழுந்துட்டேன்" என்கிறாள், ஏதோ பரிசு வாங்கினவள் மாதிரி. நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். நொயெமி என்னையும் தூக்கிவிடவில்லை.

அன்றிலிருந்து காலையில் வாசலுக்குப் போகிற ஹசிந்தா இருட்டினால்தான் உள்ளே வருகிறாள். காப்பி பறிக்கப் போகும் பெண்களெல்லாம் அவளிடம் நின்று பேசிவிட்டுத்தான் போகிறார்கள். யார் யாரைக் கட்டலாம் என்பதுகூட என் வாசலில்தான் முடிவாகிறது. நேற்று சாப்பிடக் கூப்பிட்டால், "பேசிட்டிருக்கேன்ல, நீங்க சாப்பிடுங்கப்பா" என்கிறாள். சாப்பிட்டேன். ஊட்டிப் பழகின கை என்ன செய்வதென்று தெரியாமல் மேசைமேல் கிடந்தது.

ஆகவே நீ நேரில் போய், அந்தப் பெண்ணை உடனே மாற்றச் சொல். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் ஆசீர்வாதம் வேண்டும்,
வெனான்சியோ

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். அலுவலகத்துக்குப் போகாதே. நொயெமியை அவர்களே வேறு மலைக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் மலையில் வீடு வீடாகப் போவதற்கு வேறொருத்தியைப் போட்டிருக்கிறார்கள், நம் ஹசிந்தாவைத்தான். திங்கட்கிழமை முதல் வேலை. வண்டி ஏறாத பாதைக்குக் குதிரை பேசிவிட்டேன், அவள் சாய்ந்து உட்காரச் சேணம் தைத்துக்கொண்டிருக்கிறேன். குதிரையை யார் பிடித்துக்கொண்டு போவது என்று கேட்டேன்.

"நீங்கதாம்ப்பா. ஆனா நான் வீட்டுக்குள்ள பேசுறப்ப நீங்க வெளியதான் நிக்கணும்."

சரி என்று சொல்லிவிட்டேன்.