டீ உருண்ட கோட்டு

உப்பு விளையும் ஊரில் மழைக்கு ஏங்கிய ஒரே மனிதர் எங்கள் கோட்டு அண்ணாச்சிதான். தூத்துக்குடியில் வானம் லேசாகக் கறுத்தாலே உப்பளக்காரர்கள் உப்புக் குவியலை மூட ஓடுவார்கள். அண்ணாச்சி மட்டும் அண்ணாந்து பார்த்து, "வாடே, வா" என்று மேகத்தைக் கூப்பிடுவார். காரணம், அவரிடம் ஒரு மழைக்கோட்டு இருந்தது.

நான் அப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. அண்ணாச்சிக்கு அதே ஆபீஸில் கப்பலேறும் வேலை. கப்பல் வந்து கரையில் கட்டியதும் முதல் ஆளாக ஏணியில் ஏறி, கேப்டனிடம் காகிதங்களில் கையெழுத்து வாங்கி வரவேண்டும். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் எங்கேயாவது இருந்திருக்கும். நாங்கள் யாரும் தேடிப் பார்த்ததில்லை.

கோட்டு வந்த விதம் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிர் தேசத்துக் கேப்டன் ஒருவர் பல்வலியில் கன்னம் வீங்கி வந்து சேர்ந்தார். எல்லா டாக்டரும் கதவடைத்த நாள். அண்ணாச்சி சளைக்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு பல் டாக்டரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கப்பலுக்கே கூட்டிவந்துவிட்டார். பல் போனது, வலியும் போனது. கேப்டன் தான் போட்டிருந்த ஆரஞ்சு நிற மழைக்கோட்டைக் கழற்றி அண்ணாச்சிக்குப் போட்டுவிட்டார். அதன் பிறகு அண்ணாச்சி அதைக் கழற்றவே இல்லை என்று சொன்னால் அது மிகை. குளிக்கும்போது கழற்றினார் என்று அவர் வீட்டில் சொன்னார்கள்.

சித்திரை மாத உச்சிவெயிலில்கூட கழுத்து வரை ஜிப் போட்டிருப்பார்.

"வேகலையா அண்ணாச்சி?"

"உள்ளுக்குள்ள ஏசிலே" என்பார், நெற்றியில் வேர்வை வழிய.

கோட்டின் மகிமையைக் காட்ட அவரிடம் ஒரு வித்தை இருந்தது. டீக்கடையில் புது ஆள் யாராவது சிக்கினால் இடது கையை நீட்டி, தன் டீயை அதன் மேலேயே ஊற்றுவார். டீ முத்து முத்தாக உருண்டு தரையில் விழும். "பாத்தியளா? ஒட்டுதா? ஒட்டாதுல்லா!" சுங்க அதிகாரிக்குக் காட்டியிருக்கிறார், லாரி டிரைவர்களுக்குக் காட்டியிருக்கிறார். ஒரு கல்யாணத்தில் பாயசத்தை வைத்துச் செய்துகாட்டி, மாப்பிள்ளையின் சித்தப்பா வேட்டியைப் பாழாக்கியதாகவும் கேள்வி.

ஆனால் கடைசி இரண்டு வருஷமாக வித்தை நின்றுபோயிருந்தது. கேட்டால், "டீய வீணாக்கக் கூடாதுலே" என்பார். மழை வந்தாலும், "சளி புடிச்சிருக்கு" என்று கூரைக்கடியில் ஒதுங்கிவிடுவார். மேகத்தைக் கூப்பிடுவதும் இல்லை. வயசாகிறது என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

கோட்டுக்கும் வயசாகியிருந்தது. துறைமுகத்து நிலக்கரித் தூசி, உப்புக்காற்று, அவருடைய வேர்வை எல்லாம் சேர்ந்து அப்பியதில் ஆரஞ்சு நிறத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். துவைக்கச் சொன்னால் கோபம் வரும். "தண்ணி ஒட்டாத கோட்டத் தண்ணியில எதுக்குலே முக்கணும்?" என்பார்.

அப்படியிருக்க, ஒரு ஐப்பசி மாதத் திங்கட்கிழமை, வரப்போகும் கப்பலின் ஆட்கள் பட்டியல் ஆபீஸுக்கு வந்தது. முதல் வரியில் அந்தப் பல்வலிக் கேப்டனின் பெயர். வியாழக்கிழமை வருகிறார். அண்ணாச்சி பட்டியலை மூன்று தடவை படித்தார்.

"ஏலே, அவரு குடுத்த கோட்டப் போட்டுட்டுத்தான் ஏறுவேன். அடுத்த மாசம் நான் ரிட்டயர். இனிம அவர எங்கன பாக்கப் போறேன்?" என்றார்.

மறுநாள் பேத்திக்கு மொட்டை போடக் குடும்பத்தோடு திருச்செந்தூர் கிளம்பினார். சட்டையையே கழற்றச் சொல்லும் சன்னதிக்குக் கோட்டு எதற்கு என்று வீட்டம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அது ஆபீஸ் ஆணியில் தொங்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை. கேப்டன் முன்னால் எங்கள் அண்ணாச்சி கரிமூட்டையாகவா போய் நிற்பது? கோட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டுபோய் ரோசம்மா அக்காவின் சலவைக்கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரோசம்மா அக்கா மாதா கோயில் சாமியார்களின் அங்கிகளை வெளுப்பவர். அவர் கைபட்ட எந்தத் துணியும் கஞ்சி இல்லாமல் திரும்பியதில்லை. கைக்குட்டைகூடச் சொந்தக் காலில் நிற்கும். இது தெரிந்திருந்தும் நான் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தேனே, அதுதான் என் மடத்தனம்.

புதன் காலை கடைக்குப் போனேன். மேஜை மேல் கோட்டு இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை. அக்கா கங்கு நிரம்பிய இஸ்திரிப் பெட்டியோடு அதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா! பெட்டிய வைக்காதிய!"

"எதுக்குத் தம்பி பதறுதிய? நேத்தே சோப்புத்தூள்ல ஊறப் போட்டு, வாசன மருந்துல அலசி, கெட்டிக் கஞ்சி போட்டு, ராவெல்லாம் காய வச்சிருக்கேன். பிஷப் அங்கி கணக்கா நிக்குதுல்லா?"

ஒரு கை தண்ணீரை அள்ளி அதன் மேல் விட்டேன். உருளவில்லை. நாலு நாள் பட்டினி கிடந்தது போலக் கோட்டு அதைக் குடித்தது. விஷயத்தைச் சொன்னதும் அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"மாதாவே! அண்ணாச்சி கோட்டா இது? அவிய மேல இல்லாமப் பாத்ததுல அடையாளமே தெரியலியே!"

போனை எடுத்துத் தேடினேன். மழைக்கோட்டுக்குச் சோப்புத்தூள் ஆகாது, வாசனை மருந்து ஆகவே ஆகாது என்று போட்டிருந்தது. கஞ்சியைப் பற்றி ஒரு வரி இல்லை. உலகத்தில் வேறு யாரும் அதைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். பரிகாரமும் இருந்தது. நுரை சுத்தமாகப் போகும்வரை அலசி, ஈரத்தோடு தண்ணீர் ஒட்டாத மருந்தைத் தெளித்து, மிச்சத்தைத் துடைத்து, காயவைத்து, இளஞ்சூடு காட்ட வேண்டும்.

கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடைக்கு ஓடினேன். அந்த மருந்து இரண்டு பாட்டில் மேல் தட்டில் தூசி படிந்து கிடந்தது. திரும்பி வருவதற்குள் அக்கா ஒன்பது தொட்டித் தண்ணீர் மாற்றியிருந்தார். பத்தாவது தொட்டியில்தான் கஞ்சி விட்டது. பிறகு பாட்டிலைக் கையில் வாங்கி, "பிதா, சுதன்" என்று முணுமுணுத்தபடி தீர்த்தம் தெளிப்பது போலத் தெளித்தார். சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் காய்ந்துவிட்டது. அடுத்தது இளஞ்சூடு. கரிப்பெட்டியில் அதற்குத் திருகு ஏது? அக்கா பெட்டியைக் கன்னத்தருகே பிடித்துச் சூடு பார்த்து, மெல்லிய துணியை மேலே விரித்துத் தடவிக்கொடுத்தார்.

டீ வாங்கி வந்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஊற்றினேன்.

"என்ன தம்பி ஆச்சு?"

"உருளுதுக்கா!"

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நான் அங்கே கிடந்த அழுக்குமூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

வியாழன் காலை அண்ணாச்சி ஆணியில் தொங்கிய பளபள ஆரஞ்சைப் பார்த்து அப்படியே நின்றார். "யாருலே துவச்சது?"

"நாந்தான் அண்ணாச்சி." திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை எடுத்துப் போட்டு, கழுத்து வரை ஜிப்பை இழுத்தார். திட்டியிருந்தால்கூட தேவலை.

கப்பல் கட்டிய அதே நேரத்தில் மழை கொட்டியது. அண்ணாச்சி ஃபைலைத் துணைக்குப் போன என் கையில் திணித்துவிட்டு, தூக்குமேடை ஏறுவதுபோல ஏணியில் ஏறினார். பாதி ஏணியில் நின்று, கையை நீட்டிப் பார்த்தார். மழை முத்து முத்தாக உருண்டு ஓடியது. பிறகு அவர் ஏறிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. மேலே கேப்டன் அவரைக் கண்டதும் வாயைத் திறந்து, பல் போன இடத்தைக் காட்டிச் சிரித்தார். இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

இறங்கி வந்ததும் என்னை நேராக டீக்கடைக்கு இழுத்துப்போனார். கையை நீட்டி டீயை ஊற்றினார். உருண்டது. இன்னொரு டீ வாங்கி அதையும் ஊற்றினார். கண் கலங்கியிருந்தது.

"ஏலே, இது ரெண்டு வருசமா ஒழுகுச்சுலே. டீய ஊத்துனா அப்படியே குடிச்சிரும். யாருட்ட சொல்ல? கேப்டன் முன்னால தொப்பலா நிப்பனோன்னு பயந்து, திருச்செந்தூர்ல முருகன்ட்ட மழயே வரக்கூடாதுன்னு வேண்டிட்டு வந்தேம்லே."

"துவைக்காம அழுக்கு அடைச்சதாலதான் ஒழுகியிருக்கு அண்ணாச்சி" என்று சொல்லி, கஞ்சிக் கதையையும் ஒப்புக்கொண்டேன். ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு டீக்கடை பெஞ்சு ஆடும்படி சிரித்தார்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். ஐப்பசி பிறந்ததும் கோட்டு ரோசம்மா அக்கா கடைக்குத் தவறாமல் போய்வருகிறது, கஞ்சி இல்லாமல். தூத்துக்குடியில் மழை என்று செய்தி வந்தால் உடனே போன் போடுகிறேன்.

"நனஞ்சியளா அண்ணாச்சி?"

"ஒரு சொட்டு இல்லலே."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்குகிறது.