மச்சான் அனுப்பிய நான்கு ஸ்பேசர்கள்

அன்புள்ள மச்சான் சுஐப் அவர்களுக்கு,

கள்ளக்குறிச்சியிலிருந்து உங்கள் அக்காள் கணவர் ஷேக் பரீத் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் அக்காள் ஷர்புன்னிசாவும் மகள் ருக்சாரும் சுகம். துபாயில் உங்கள் சுகத்துக்கும் துஆ செய்கிறோம். ஆனாலும் இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். போனில் திட்டினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள்; கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

ருக்சாரின் கார் உங்களுக்குத் தெரியும். பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, பின் சீட்டைப் பிடுங்கி எறிந்து, கவிழ்ந்தாலும் நசுங்காதபடி உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, வருடத்துக்கு இரண்டு முறை சென்னைப் பக்கம் உள்ள பந்தயத் தடத்தில் ஓட்டுகிறாள். பாத்திரக் கடைக்காரன் மகள் இப்படி ஆனதில் எனக்கு வருத்தம் இல்லை, உள்ளூரப் பெருமைதான். அவள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் உங்கள் பார்சல் வந்தது. பிரித்தால் நான்கு அலுமினிய வட்டுகள். புது மாதிரி இட்லித் தட்டு என்று நினைத்துக் கடையில் அடுக்கிவிட்டேன். ஒரு அம்மா மூடி எங்கே என்று கேட்டபிறகுதான் ருக்சார் ஓடி வந்து எடுத்துப்போனாள்.

ஸ்பேசராம். வட்டை அச்சோடு முடுக்கி, வட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகளில் சக்கரத்தை மாட்டினால், சக்கரம் ஒன்றரை அங்குலம் வெளியே தள்ளி நிற்குமாம். கார் அகலமாகி வளைவில் ஆடாமல் போகுமாம். “மாமா ஆசையா அனுப்பிக்கிறாரு, மாட்டித்தான் பாப்பமே அத்தா” என்று நான்கையும் மாட்டிவிட்டாள். கார் தவளை மாதிரி உட்கார்ந்திருந்தது. சக்கரம் எப்போது கழன்று ஓடுமோ என்று எனக்கு அன்றைக்கே பயம்.

தடத்தில் வேகமாக ஓட்டும் முன் வளைவுகளில் மெதுவாகப் பார்க்கவேண்டும் என்று போன ஞாயிறு காலை கல்வராயன் மலைக்குக் கிளம்பினாள். தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் அந்தக் கூண்டுக்குள் நுழைந்தேன். கச்சிராயபாளையம் போவதற்குள் குழாயில் முழங்கை மூன்று முறை இடித்தது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டயர் மேலே உள்ள தகட்டில் உரசி ‘சர்க்’ என்றது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்க, ருக்சார் மல்லுக்கட்டிக்கொண்டே ஓட்டினாள். மலை ஏற ஆரம்பித்து நாலாவது வளைவில் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம்.

“ருக்கு, இன்னாமா அது?”

“இருங்கத்தா, கேக்க வுடுங்க.”

ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். இடது முன்சக்கரத்தில் வட்டின் போல்ட் ஒன்று அறுந்து நட்டோடு போயிருந்தது. இன்னொரு நட்டு கையாலேயே சுற்றியது. பக்கத்தில் பள்ளம். இன்னும் இரண்டு வளைவு போயிருந்தால் சக்கரம் மட்டும் முதலில் மலைமேல் வெள்ளிமலை ஊருக்குப் போய் எங்களுக்காகக் காத்திருக்கும். சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஜாக்கியை எடுக்கப் போய்விட்டாள்.

அந்த நேரம் பால் வண்டியில் வந்த இளவரசன் என்பவர் இறங்கினார். “இன்னா பாய், காரு கால அகட்டிக்கினு நிக்குது?” என்றார். நல்ல மனிதர். அவரும் ருக்சாரும் சேர்ந்து நான்கு வட்டுகளையும் கழற்றி, சக்கரங்களைப் பழையபடி அச்சின் சொந்த போல்ட்டுகளிலேயே மாட்டினார்கள். வட்டுகளை மடியில் அடுக்கிக்கொண்டு நான் கல்லில் உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை எனக்குத் தரப்படவில்லை.

இறங்கும்போது கார் வழக்கம்போல் சமத்தாக வந்தது. ருக்சார் சொன்னாள்: “சக்கரம் இவ்ளோ வெளிய போனா பேரிங்குக்கு லோடு ஜாஸ்தி அத்தா. ஸ்டியரிங்கும் இழுக்குது. டிராக்குல அந்த வேகத்துல எனக்கு இது வாணாம்.” மலையடிவாரத்தில் அணைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். அப்படி ஒரு ருசியான டீயை நான் குடித்ததே இல்லை, மச்சான்.

ஆகவே, அறுந்துபோகிற போல்ட் வைத்த சாமானை எங்கள் பிள்ளைக்கு அனுப்பிய உங்களை என்ன சொல்வது? ஊருக்கு வரும்போது பேரீச்சம்பழம் கொண்டுவாருங்கள், போதும். உருளுகிற எதையும் அனுப்பவேண்டாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் நிதானத்தையும் தருவானாக. அக்காள் சலாம் சொன்னாள்.

இப்படிக்கு,
ஷேக் பரீத்

பி.கு.: தபாலில் போடக் கொடுத்த இதை ருக்சார் படித்துவிட்டாள். “வூட்டுக்கு வந்ததும் என்கிட்ட ஒத்துக்கினீங்களே, அத ஏன் மாமாவுக்கு எழுதல?” என்கிறாள். விஷயம் இதுதான். மலைக்குப் போவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை மதியம், சக்கரம் கழன்றுவிடுமோ என்ற பயத்தில், அவளுக்குத் தெரியாமல் ஸ்பானரில் மூன்றடிக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று இடது முன்சக்கரத்து நட்டுகளை முடுக்கினேன். ஒன்று ‘டிக்’ என்றது. நன்றாக இறுகிவிட்டது என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். எனக்கு மூச்சு வாங்கியதால் மற்ற மூன்று சக்கரங்களும் தப்பின. போல்ட் அறுந்தது அதனால்தானாம். எனவே மேலே உள்ள திட்டுகளை என் பெயர் போட்டுப் படித்துக்கொள்ளவும். அகல ஸ்பேசர் வேண்டாம் என்பதில் மட்டும் அவளுக்கு மாற்றமில்லை. அடுத்த மாதப் பந்தயத்துக்கு என்னையும் அவள் குழுவில் சேர்த்துவிட்டாள், மச்சான்! கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டைகூட வந்துவிட்டது. தண்ணீர் கொடுக்கலாம், குடை பிடிக்கலாம். ஸ்பானர் இருக்கும் பக்கம் மட்டும் நான் போகக் கூடாதாம்.