அப்பாவின் ஆபரேஷன் இருமுறை தள்ளிப்போனது குறித்து

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். அப்பாவின் பித்தப்பையும் இதயமும் நீங்கலாக இங்கே அனைவரும் நலம். இரண்டு தடவை லீவு போட்டு வந்து ஏமாந்து திரும்பினீர்கள். "உங்கப்பன் என்ன விளையாடறானா? நடந்ததை ஒழுங்கா எழுதி அனுப்பு" என்று போனில் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

முதல் தடவை குற்றம் இதயத்தினுடையது. அது எப்போதுமே தாளம் தப்பித் துடிக்கும். அன்று காலை நூற்று நாற்பதைத் தொட்டதால், வேகத்தைக் குறைக்க ரோஸ் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்பா எலக்ட்ரீஷியன் அல்லவா, மயக்க மருந்து டாக்டரிடம், "வோல்டேஜ் ஏறி இறங்குற வீடு மேடம் இது. மெயினை ஆஃப் பண்ணிட்டு மறுபடி போட்டா எரியுமா?" என்று கேட்டார். "மெயின்ல நாங்க கை வைக்க மாட்டோம்ங்க. ரூம் லைட்டை மட்டும்தான் அணைப்போம்" என்றார் டாக்டர். எனக்குக் கேள்வி மனதில் நின்றது, பதில் நிற்கவில்லை.

இரண்டாம் தடவைதான் மர்மம். இதயத்தில் ரத்தம் கட்டாமலிருக்க அப்பா ஒரு வெள்ளை மாத்திரை சாப்பிடுகிறார். ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கத்தி பட்ட இடத்தில் ரத்தம் நிற்காது. நிறுத்திய அன்று மாத்திரை அட்டையில் பதினான்கு மீதம் என்று நர்ஸ் குறித்திருந்தார். ஆபரேஷன் காலையில் எண்ணினால் பன்னிரண்டு! பச்சைக் கவுனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா, "மாத்திரைப் பெட்டியில இருந்ததைத்தான் சிஸ்டர் முழுங்கினேன், எது எதுன்னு எனக்கென்ன தெரியும்?" என்றார், அம்மா விடுவாரா, "கம்பத்து மேல ஏறி நிக்கற மனுஷனுக்கு ஊசின்னா உதறல்! திருட்டுத்தனமா முழுங்கிட்டு முழிக்கறதைப் பாரு" என்று பிடித்துக்கொள்ள, பக்கத்துக் கட்டில்காரர் அம்மா பக்கம் சேர, நர்ஸும் சேர, அப்பா கவுனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஆகவே காரணம் அப்பாவின் பயமே என்று முடிவானது.

மூன்றாவது தேதி, வரும் வெள்ளிக்கிழமை. மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசியை வேண்டும்,

தம்பி மகள்

பி.கு.: மேலே உள்ள முடிவு தவறு. மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்து வைப்பது என் வேலை. அந்த இரண்டு வெள்ளை மாத்திரைகளையும் வைத்தது நான்தான். ஆபரேஷன் நின்று, அப்பாவின் மெயினை யாரும் அணைக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். நேற்று பித்தப்பைக் கல் வலியில் அப்பா சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தார். எழுந்ததும் அம்மாவிடம், "இந்தத் தடவை சத்தியமா திருட்டுத்தனமா முழுங்க மாட்டேன்" என்றார். ஆகவே அத்தை, திங்கட்கிழமையே வந்துவிடுங்கள். பெட்டி உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். ரோஸ் மாத்திரையைத் தவறாமல் கொடுக்க வேண்டும். வெள்ளையை, நான் அழுது கேட்டாலும் எடுக்காதீர்கள்.